மீனைப் பார்ப்பதும் நீரைப் பார்ப்பதும்

'வளர்ப்பது' என்ற சொல்லை நாம் அதிகம் யோசிக்காமல் பயன்படுத்துகிறோம். பிள்ளை வளர்க்கிறோம், மாடு வளர்க்கிறோம், தங்கமீன் வளர்க்கிறோம். பிள்ளையிடம் நாளைக்கு ஓர் எதிர்பார்ப்பு உண்டு. மாடு பால் தருகிறது. நாய் வாசலில் குரைக்கிறது. தங்கமீனிடம் இருப்பது ஒரே ஒரு பிரயோஜனம்தான்: அது பார்க்கப்படுகிறது. பார்க்கப்படுவதற்காக மட்டுமே ஒரு ஜீவனை வைத்துக்கொள்கிறபோது அதற்கு நாம் பட்டிருக்கிற கடன் என்ன என்பதுதான் இங்கே என் கேள்வி. கேள்வி சின்னது. ஆனால் பதில் தேடப் போகும்போது தர்மத்தைப் பற்றி நமக்குப் பழகிப்போன சில எண்ணங்கள் ஆட்டம் காண்கின்றன.

கொல்லைப்புறத்தில் சிறிய தொட்டி கட்டி மீன் விட்டவர்கள் எல்லோரும் விரும்புவது இரண்டு: மீன் ஆரோக்கியமாக இருக்க வேண்டும், சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை ஒரே இடத்திலிருந்து பிறக்கிற ஆசைகள் அல்ல. ஆரோக்கியம் மீனின் விஷயம். அதன் செவுளிலும் ரத்தத்திலும் நடப்பது. சுறுசுறுப்பு பார்க்கிறவனின் விஷயம். அசையாத மீனைக் காட்டி விருந்தாளியை மகிழ்விக்க முடியாது. முதல் சொல்லின் மறைவில் இரண்டாவது சொல் உள்ளே நுழைந்துவிடுகிறது.

தங்கமீன் இயற்கையில் இருந்ததில்லை என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். சீனத்தின் மங்கலான பச்சைப் பழுப்பு நிறக் கெண்டை இனம் ஒன்றில் எப்போதாவது தோன்றும் சிவப்பு மீன்களை மனிதர்கள் தனியே எடுத்து வைத்தார்கள். ஸுங் வம்ச காலத்தில் அவை குளங்களில் பொறுக்கி வளர்க்கப்பட்டன. மிங் காலத்தில் வீட்டுக்குள் ஜாடிகளுக்கு வந்தன. அதற்குப் பிறகுதான் இரட்டை வால், பிதுங்கிய கண், முதுகுத் துடுப்பே இல்லாத உடல் என்றெல்லாம் வகைகள் பெருகின. ஆற்றில் இப்படி ஒரு மீன் பிறந்திருந்தால் ஒரு நாள் தாங்காது. ஜாடியில் அதற்கு எதிரி இல்லை. ரசிகன் மட்டுமே இருந்தான். அந்த உடல் ஒரு ரசனையின் சரித்திரம். கவிதையில் மிகை அலங்காரத்தைக் கண்டித்துப் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அந்த அலங்காரம் ஓர் உயிரின் முதுகெலும்பில் ஏறினால் எப்படி இருக்கும் என்பதற்கு நீர்க்குமிழிக் கண் மீனைப் பார்த்தால் போதும். கண்ணுக்குக் கீழே இரண்டு நீர்ப்பைகள். ஒரு கல் உரசினால் கிழிந்துவிடும்.

சாதாரணத் தங்கமீனிலும் இதே கதைதான், குறைந்த அளவில். குஞ்சாக இருக்கும்போது அது பொன்னிறமாக இருப்பதில்லை. மூதாதையரின் பழுப்பிலேயே பிறக்கிறது. மாதங்கள் சில கழிந்த பிறகே நிறம் மாறும். மாறாமலே வளர்ந்துவிடுகிறவையும் உண்டு. அவற்றை வியாபாரிகள் கழித்துவிடுவார்கள். நாம் காசு கொடுத்து வாங்குவது ஒரு மீனை மட்டுமல்ல. வேறு பல மீன்கள் கழிக்கப்பட்டதன் பலனையும் சேர்த்துத்தான்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குத் தாமஸ் கிரே 1748இல் வெளியிட்ட ஒரு கவிதை ஞாபகம் வரும். ஹொரேஸ் வால்போலின் பூனை, சீனத் தொட்டி ஒன்றில் தங்கமீனைப் பிடிக்கப் போய் மூழ்கிச் செத்தது பற்றியது. அதில் பரிகாசமும் உண்டு, நீதியும் உண்டு. இரண்டும் பூனைக்கு. தொட்டியில் இருந்த மீன்கள் மினுமினுப்பாக மட்டுமே இருக்கின்றன. அவை எத்தனை நாளாக அங்கே இருந்தன, யார் நீர் மாற்றினார்கள் என்று அந்தக் கவிதை கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது ரசனைக் கேடாகவும் படலாம். ஆனால் அழகைப் பார்க்கிற கண் எதை எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மீனின் மகிழ்ச்சியை மனிதன் அறிய முடியுமா என்பது பழைய தத்துவப் பிரச்னை. சீன ஞானி சுவாங் ட்ஸு நண்பர் ஹுய் ட்ஸுவோடு ஆற்றுப் பாலத்தில் நடந்துகொண்டிருக்கிறார். கீழே துள்ளும் மீன்களைக் காட்டி, மீனுக்கு இதுதான் சந்தோஷம் என்கிறார். நீர் மீன் அல்லவே, உமக்கு எப்படித் தெரியும் என்று நண்பர் மடக்குகிறார். வாதம் சாமர்த்தியமாகப் போய், பாலத்தில் நின்றபடியே எனக்குத் தெரிந்தது என்று சுவாங் ட்ஸு முடிக்கிறார். தாமஸ் நேகல் 1974இல் வௌவாலை வைத்துக் கேட்ட கேள்வியும் இதற்கு உறவுதான். ஆனால் இந்த உரையாடலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று படுகிறது. பாலத்தில் நிற்கிறவனுக்கு மீனைப் பற்றிய கணிப்பு தவறினால் ஒரு நஷ்டமும் இல்லை, மீனுக்கும் இல்லை. அது தன் பாட்டுக்கு ஆற்றில் போய்விடும். தொட்டி ஓரத்தில் நிற்கிறவனின் நிலைமை அப்படியல்ல. அவன் தவறாகப் படித்தால் மீன் சாகும். அறிதல் பற்றிய கேள்வி தொட்டிக்கு வந்ததும் தார்மிகக் கேள்வியாக மாறிவிடுகிறது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றை ஒட்டி ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. 4 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழம். நிரப்பினால் சுமார் 680 லிட்டர் பிடிக்கும். நான்கு மீன்கள். கத்திரி வெயில் நாட்களில் ஒரு விடியற்காலை, காற்றே இல்லை, நான்கும் மேல் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. பக்கத்து வீட்டுப் பாட்டி கிணற்றடிக்கு வந்தவர் பார்த்துவிட்டார்.

“ஏன் தம்பி, இதுங்களுக்கு ஒண்ணும் போடறதில்லையா? வாயைத் தொறந்துகிட்டுல்ல நிக்குது.”

“பசி இல்லை பாட்டி. மூச்சு முட்டுது.”

“தண்ணியிலேயே இருக்கிறதுக்கு மூச்சு முட்டுமா?”

கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். நான் வாளியில் தொட்டி நீரையே மொண்டு உயரத்திலிருந்து அதற்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். நீர் உடைந்து விழும்போது காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அரை மணியில் மீன்கள் கீழே இறங்கின.

பாட்டியின் கேள்வி நியாயமானது. நீருக்குள் பிராணவாயு கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயமல்ல. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வெயில் ஏற ஏற மீனுக்குத் தேவை கூடுகிறது, நீரின் கொள்ளளவு குறைகிறது. பச்சை படர்ந்த தொட்டி பகலில் பிராணவாயுவை வெளியிடும்; இரவில் அந்தப் பாசியே அதை எடுத்துக்கொள்ளும். எனவே நாளின் மிக மோசமான நேரம் விடியலுக்குச் சற்று முந்தியது. பகலில் பச்சையும் பொன்னுமாகக் கண்ணைப் பறிக்கிற தொட்டிதான் விடியலில் மூச்சுத் திணறுகிறது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது பாட்டியின் முதல் கேள்வி. திறந்த வாயைக் கண்டதும் பசி என்று எப்படித் தோன்றியது? அவருக்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். நமது தர்ம சிந்தனையின் நடுவில் இருப்பது பசி. மணிமேகலையின் கையில் அமுதசுரபி. வள்ளலாரின் ஜீவகாருண்யத்தில் பசி தீர்ப்பதற்கே முதலிடம். வடலூரில் 1867இல் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பஞ்சங்களைக் கண்ட சமூகம் இப்படி நினைப்பது இயல்பு, பெருமைக்குரியதும்கூட. இதன் காரணமாக உயிரிடம் அன்பு என்றால் அதற்கு எதையாவது கொடுப்பது என்று நம் கை பழகியிருக்கிறது. குளக்கரையில் பொரி வீசுகிறோம். காக்கைக்குச் சோறு வைக்கிறோம்.

சின்னத் தொட்டியில் இந்தக் கை ஆபத்தானது. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது குடலில் தங்காமல் போய்க்கொண்டே இருக்கும். எனவே அது எப்போதும் தின்னத் தயாராக இருக்கும். போட்டதையெல்லாம் தின்னும். தின்றது செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேறும். தின்னாமல் விட்டதும் அழுகி அம்மோனியாவாகும். தொட்டியின் சுவரிலும் கல்லிலும் படிந்திருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான், மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை, அவ்வளவு கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் குடியேறி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் ஆசைப்பட்டு மீனை நிறைய விட்டு நிறையப் போட்டால், தெளிந்த நீரில், பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாத நீரில், மீன்கள் செத்து மிதக்கும். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும். நீரில் காரம் ஏறும். காரம் ஏறிய நீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் அதிகம். வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு ஊறவைத்து, பல முறை நீரை இறைத்துக் கொட்டிய பிறகே மீனை விடுவது இதனால்தான்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுக்குத் தீனி, நாளைக்கு ஒரு தடவை. மீந்ததை வலையால் எடுத்துவிடுவது. வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை அடியிலிருந்து இறைத்துவிட்டுப் புது நீர் விடுவது. முழுவதையும் மாற்றக் கூடாது. மீனும் பாக்டீரியாவும் அந்த அதிர்ச்சியைத் தாங்காது. குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்த பிறகே ஊற்ற வேண்டும். தொட்டியில் பாதிக்கு மேல் உச்சி வெயில் விழாமல் கீற்றுப் பந்தல். ஒதுங்குவதற்கு நீர்ச் செடி. மீன்கொத்திக்கும் பூனைக்கும் ஒரு வலை. இந்தப் பட்டியலில் கொடுப்பது ஒன்றுதான், அதுவும் குறைவாக. மற்றவை அகற்றுவது, தடுப்பது, பொறுத்திருப்பது. வரவை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு பற்றை எழுதாத பேரேடு எப்படிப் பொய்யோ, கொடுப்பதை மட்டும் அன்பாக எண்ணுகிற மனதின் கணக்கும் அப்படியே.

இங்கே கொஞ்சம் தயங்கித்தான் அடுத்த அடியை வைக்கிறேன். மனிதர்களை மீனோடு ஒப்பிடுவது என் உத்தேசமல்ல. ஆனால் ஒரு சமூகத்தின் மனப்பழக்கம் பெரிய இடத்திலும் சின்ன இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கும். அன்னம் இடுகிறவனைக் கல்வெட்டில் எழுதினோம். கழிவை எடுத்துச் செல்கிறவனைத் தெருவுக்கு வெளியே வைத்தோம். இரண்டும் இல்லாமல் ஓர் ஊர் ஒரு வாரம் உயிரோடு இருக்காது என்று தெரிந்தும் ஒன்றைப் புண்ணியம் என்றோம், மற்றதைத் தீட்டு என்றோம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்ய 1993இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் இன்னும் விரிவாக ஒன்று. மலக்குழியில் இறங்கியவர்கள் விஷவாயுவில் சாவது இன்னும் நிற்கவில்லை. கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிறது, கொடுத்தவன் பெயரோடு தெரிகிறது. அகற்றுவதில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் இருப்பதுதான் அதன் வெற்றி. எதைப் பராமரிப்பு என்று எண்ணுகிறோம், எதைக் கீழான வேலை என்று தள்ளுகிறோம் என்பதைத் தொட்டியடியில் வாளியோடு நிற்கிறவன் யோசிக்காமல் இருக்க முடியாது.

தங்கமீன் எளிதில் சாகாது என்று சொல்லப்படுவது உண்மைதான். பிராணவாயு இல்லாத குளிர்ந்த நீரிலும் அது வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடுகிறது. 1980இல் இது கண்டறியப்பட்டது. இந்தத் தாங்கும் சக்திதான் அதற்குச் சாபமாகவும் ஆயிற்று. வேறு மீனானால் இரண்டு நாளில் செத்து நம் தவறைக் காட்டிக் கொடுத்திருக்கும். இது கண்ணாடிக் கிண்ணத்தில் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே நீந்துகிறது. நாம் அதை வாழ்க்கை என்று எண்ணிக்கொள்கிறோம். இங்கிலாந்தில் 1956இல் ஒரு கண்காட்சியில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 வரை, 43 வருஷம் இருந்தது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், கிண்ணத்தில் ஒரு வருஷம் இருந்து செத்த மீனை ஆயுள் முடிந்து போனது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

தங்கமீனுக்கு மூன்று விநாடிக்கு மேல் ஞாபகம் நிற்காது என்ற கட்டுக்கதையும் இந்த மனநிலையோடு சேர்ந்ததுதான். ஞாபகம் இல்லாத உயிருக்குச் சிறையும் இல்லை என்று ஆகிவிடுகிறதல்லவா? வேடிக்கை என்னவென்றால், ஞாபகம் மூளையில் எப்படிப் பதிகிறது என்று ஆராய 1960களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் அக்ரனாஃப் பயன்படுத்திய பிராணி தங்கமீன்தான். அது கற்றதை நாள்கணக்கில் நினைவு வைத்திருந்ததால்தான் அந்த ஆராய்ச்சியே சாத்தியமாயிற்று. தொட்டிக்கு யார் வருகிறார்கள் என்று காலடி அதிர்விலேயே அவற்றுக்குத் தெரிகிறது. தீனி போடும் மூலைக்குத் திரண்டு வருகின்றன. இதை அன்பு என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. ஆனால் அங்கே யாருமே இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

இத்தனை சங்கடம் எதற்கு, கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. சுதந்திரம் என்ற சொல்லுக்கு நம்மிடம் இருக்கிற மயக்கம் இது. அமெரிக்காவின் மினசோட்டாவில் பர்ன்ஸ்வில் என்ற ஊர் ஏரியில் யாரோ விட்ட தங்கமீன்கள் பெருத்துப் பெருகி, 2021இல் ஊர் நிர்வாகமே தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றிலும் இதே கதை. அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி, அங்கே ஏற்கனவே இருந்த மீன்களின் இடத்தை அவை பிடித்துக்கொள்கின்றன. பிதுங்கிய கண்ணோடு வளர்க்கப்பட்டவையோ முதல் நாளே பறவைக்கு இரையாகும். விடுதலை என்ற பெயரில் பொறுப்பை இன்னொரு நீரின் தலையில் கட்டுவதுதான் இது. நம் ஆசைக்காக உருவாக்கிய ஓர் உயிரை விடுவிக்கவும் முடியாது, அது தானே கேட்டு வந்தது என்று சொல்லவும் முடியாது. மிஞ்சுவது அது சாகும்வரை அதன் நீரைப் பார்த்துக்கொள்ளும் கடமை. 43 வருஷமானாலும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. குடத்தோடு ஜனங்கள் வரிசையில் நிற்கிற நாட்டில் நான்கு மீனுக்கு வாரம் 170 லிட்டரா? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு லாரிக்காக ஊரே காத்திருந்ததை நினைத்தால் இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. இறைத்த நீர் வாழைக்குப் போகிறது, நைட்ரேட் அதற்கு உரம் என்பது ஒரு சமாதானம். முழுச் சமாதானம் அல்ல. தொட்டி கட்டுவதற்கு முன்னால் இந்தக் கேள்வி வந்தால் கட்டாமல் இருப்பதே சரியாக இருக்கலாம். மீன் நீருக்குள் வந்த பிறகு கேட்பது வேறு. அப்போது கேள்வி நம் ஆசைக்கு எவ்வளவு தண்ணீர் நியாயம் என்பதிலிருந்து, நம் ஆசையின் விலையை யார் தருவது என்பதாக மாறிவிடுகிறது. மீன் தரக் கூடாது என்பது வரை எனக்குத் தெளிவாக இருக்கிறது. ஆகவே இருக்கிற நான்குக்கு மேல் வாங்குவதில்லை. அவை முட்டையிட்டால் பாசியிலிருந்து எடுத்துக் காப்பாற்றுவதும் இல்லை. பெரிய மீன்களே தின்றுவிடுகின்றன. இதில் கொடுமை இல்லையா என்றால், இருக்கிறது.

இத்தாலியில் மோன்ஸா நகரசபை 2004இல் மீன்களை வளைந்த கிண்ணத்தில் வைப்பதைத் தடை செய்தது. வளைந்த கண்ணாடி வழியே மீனுக்கு உலகம் கோணலாகத் தெரியும் என்பது சொல்லப்பட்ட காரணம். மீனுக்குத் தெரியும் உலகம் மட்டும் ஏன் கோணல், நமக்குத் தெரிவது நேரானது என்று எப்படிச் சொல்வது என ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் லெனார்ட் மிளாடினோவும் 2010இல் ஒரு நூலில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பௌதிகத்துக்கு அது நல்ல கேள்வி. கிண்ணத்தில் இருக்கும் மீனுக்கு அதைவிட அவசரமானவை இரண்டு: வாய் குறுகிய கிண்ணத்தில் காற்று படும் பரப்பு குறைவு, கொள்ளும் நீர் குறைவு, அதனால் விஷம் சீக்கிரம் சேரும். கண்ணோட்டம் பற்றியே பேசிப் பழகிய நாம், மூச்சைப் பற்றிக் கடைசியில்தான் பேசுகிறோம்.

சுறுசுறுப்புக்கு வருகிறேன். பட்டப்பகலில் மீன்கள் செடி நிழலில் அசையாமல் நிற்கும். மார்கழி இரவுகளில் அடியிலேயே கிடக்கும். குளிர் நாடுகளில் குளம் உறையும் மாதங்களில் அவை தின்பதே இல்லை. இதெல்லாம் நோய் அல்ல. துடுப்பை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, கூட்டத்தை விட்டு ஒதுங்கி, தீனிக்கும் வராமல் நின்றால் அது நோய். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதற்குத் தினமும் பார்க்கத்தான் வேண்டும். ஆகவே பார்ப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. நமக்காக அது ஆட வேண்டும் என்று எதிர்பார்க்காத ஒரு பார்வை பழக வேண்டும், அவ்வளவுதான். நன்றாக வைத்திருக்கப்பட்ட தொட்டியில் நிழல் அதிகம், செடி அதிகம், ஒதுங்க இடம் அதிகம். அதனால் மீன் கண்ணில் படுவது குறைவு. எந்தக் காரணத்துக்காக அதை வாங்கினோமோ, கடமையை ஒழுங்காகச் செய்யச் செய்ய அந்தக் காரணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போகிறது. வந்தவர்கள் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, மீனே இல்லையே என்கிறார்கள். இருக்கிறது, அடியில் இருக்கிறது என்று சொல்கிறேன்.